இரதியின் புலம்பலும் கண்ணகியின் வழக்கும்

மாசி மாதத்தில் மூன்றாம் பிறை கண்ட பின் மலையகத்துத் தோட்டங்களிலே காமன் ஊன்றுவது பரம்பரை வழக்கம். ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில், லயங்களுக்கு அருகே, காமன் பொட்டல் என்று பெயர் பெற்ற ஒரு சிறு வெளியை இன்றும் காணலாம். அங்கே கம்பம் நட்ட நாள் தொடக்கம் தப்பு முழங்கும். இரதியும் மன்மதனும் மணம் புரிவார்கள். லயம் லயமாகச் சென்று வாசல்தோறும் ஆலாத்தி பெறுவார்கள். பின்னர் தேவர்களின் கட்டளை வரும். சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவான். தீய கனவு கண்ட இரதி தடுப்பாள், அவன் கேளான். நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான். அதற்குப் பின் அந்தக் குளிர்ந்த இரவிலே ஒலிப்பது இரதியின் புலம்பல். நாள் முழுதும் மலையிலே கொழுந்தெடுத்துக் கால் கடுத்த பெண்கள், உறங்கும் குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டு, அந்தப் புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் உகுப்பார்கள்.

அவர்கள் முன் நின்று புலம்பும் இரதி ஓர் ஆண்மகன். காப்புக் கட்டி, விரதம் காத்து, சேலை உடுத்து, கூந்தல் முடித்து வரும் அவனை அந்த நாட்களில் எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெண்கள் அவனைத் தெய்வமாகவே வணங்குகிறார்கள். அவனுடைய பக்தியையோ திறமையையோ நாம் குறை கூற வரவில்லை. பகலிலே கவ்வாத்து வெட்டி, இரவிலே ஆடும் அந்தத் தொழிலாளிக் கலைஞன் எமது வணக்கத்துக்கு உரியவன். எமது வினா வேறு. கணவனை இழந்த பெண்ணின் துயரை ஓர் ஆண் பாடுகிறான். உண்மையிலேயே கணவனை இழந்த பெண்கள் கீழே அமர்ந்து கேட்கிறார்கள். அந்தப் பெண்களே எழுந்து, இரதியாக நின்று பேசினால் என்ன பேசுவார்கள்?

இந்த வினாவை ஏட்டுச் சுவடியில் வைத்துக்கொள்ளாமல், நாம் கற்பிக்கும் தோட்டப்புறப் பாடசாலையில் சில ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்து வருகிறோம். பழைய நாடகங்களின் தலைவியர் ஒவ்வொருவரையும் எடுத்துக்கொண்டு, அவர் வாயிலாகத் தனிமொழி எழுதுமாறும், எழுதியதைத் தாமே நின்று பேசுமாறும் மாணவியரைக் கேட்டோம். அதிலே நாம் கண்டவற்றை வாசக அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெண்ணின் துயரை ஆண் பேசுவது மலையகத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரின் அரங்கிலே அந்திகனியும் மெதேயாவும் முகமூடி அணிந்த ஆண்களாகவே தோன்றினர். இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரின் தலைவியர் அனைவரும் இளம் சிறுவர்களே; 1660இல்தான் அங்கே ஒரு பெண் தொழில்முறை அரங்கில் டெஸ்டிமோனாவாக நின்றாள். யாழ்ப்பாணத்திலே நடிகமணி வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ பல தலைமுறைகளைக் கண்ணீர் விட வைத்தது. அதிலே சந்திரமதியின் சேலையை உடுத்தியவரும் ஆண்தான். எமது அயலிலே வாழும் சிங்கள மக்களின் கம்மடுவைச் சடங்கை நோக்குவோம். அங்கே பத்தினித் தெய்வமாகிய கண்ணகி, இறந்த கணவனை உயிர்ப்பிக்கும் காட்சி நடிக்கப்படுகிறது. கண்ணகியின் ஆடையை அணிந்து அதை நிகழ்த்துபவர் ஆணாகிய பூசகரே. ஒரே மலைத்தொடரின் இரு மொழியினரும், அறியாமலே, ஒரே காரியத்தைச் செய்துவருகிறார்கள்: பெண்ணைத் தெய்வமாக்குகிறார்கள்; அவளுடைய வாயை ஆணுக்குக் கொடுக்கிறார்கள்.

மேடையேறிய பெண்கள் இல்லாமலில்லை. கும்பகோணத்துப் பாலாமணி பெண்களையே கொண்டு நாடகக் குழு நடத்தினார். கே. பி. சுந்தராம்பாள் கடல் கடந்து வந்து இலங்கை மேடைகளிலும் பாடினார். ஆனால் அவர்கள் பாடியவை பெரும்பாலும் ஆண்கள் எழுதிக் கொடுத்த சொற்கள். பெண்ணுக்கு மேடை கிடைத்தது; சொல் கிடைக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்துக்குப் புத்துயிர் அளித்த வரலாற்றை நாம் பெருமையுடன் படித்தோம். 1962இல் ‘கர்ணன் போர்’, அதனைத் தொடர்ந்து ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று வரும் அந்த நாடகங்களின் பெயர்களே ஒன்றை உணர்த்தும். மறுமலர்ச்சியின் காலத்திலும் கூத்தின் தலைமை தலைவனிடமே இருந்தது.

அப்படியானால் பெண்ணுக்குத் தனிமொழியே இல்லையா? உண்டு. எந்த நாடகாசிரியனும் எழுதிக் கொடுக்காத தனிமொழி அது. அதன் பெயர் ஒப்பாரி.

ஒப்பாரியை இலக்கணப்படி நாட்டார் பாடல் என்று வகுத்து, பரீட்சைக்கு இரண்டு அடி மனனம் செய்வித்து விட்டுவிடுகிறோம். சற்று நின்று நோக்கினால் அது முழுமையான நாடகத் தனிமொழி என்பது விளங்கும். பேசுபவள் ஒருத்தி. கேட்பவன் பிணமாய்க் கிடக்கிறான், பதில் சொல்லமாட்டான். அவையோ சுற்றி அமர்ந்திருக்கும் உறவினர். அவள் இறந்தவனை நோக்கிப் பேசுவதுபோல் இருந்துகொண்டே, இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறாள். மாமியாரின் கொடுமை, மைத்துனனின் அலட்சியம், கங்காணியின் கணக்கு, கிடைக்காத மருந்து எல்லாம் அந்த அழுகைக்குள் ஏறிவிடும். சாதாரண நாளில் சொன்னால் அடிவிழும் சொல், சாவு வீட்டிலே இசையோடு சொன்னால் எவரும் தடுப்பதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சென்று சேகரித்து, அவர் மறைந்தபின் 1987இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலைப் புரட்டுவோர், இந்த மலைகளின் வரலாறு எவ்வளவு தூரம் பாட்டிலே தங்கியிருக்கிறது என்பதை அறிவர்.

ஆகவே காமன் பொட்டலில் ஆண் பாடும் இரதி புலம்பல், பெண்களின் ஒப்பாரியிடம் கடன் வாங்கியது என்பதே எமது துணிபு. அந்தப் பெண்கள் ஏன் அழுகிறார்கள்? தங்களுடைய சொந்தச் சொத்து மேடையிலே செலவாவதைக் கேட்டுத்தான் அழுகிறார்கள். இரதியைப் பெண் பேசவேண்டும் என்று கேட்பது புதுமையைப் புகுத்துவதாகாது. கடனைத் திருப்பிக் கேட்பதாகும்.

மலையகத்துப் பெண் பொதுமேடையில் நிற்பதும் முன்மாதிரி அற்ற செயலன்று. 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கோ. நடேசய்யர் அமைத்தபோது, அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில், மக்கள் அறிந்த மெட்டுகளில், அவர்களுடைய வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். 1940இல் அப்பாடல்கள் சிறு நூலாக அச்சேறின. அவர் இரதியாகவோ சந்திரமதியாகவோ வேடம் புனையவில்லை, மீனாட்சியம்மாளாகவே நின்றார். அந்த வழியில் அடுத்த அடியை வைக்கப் பல ஆண்டுகளாக நாம் தயங்கி நிற்கிறோம்.

எமது முயற்சிக்கு வருவோம்.

முதலில் மாணவியர் எழுதிக்கொண்டு வந்தவை, உள்ளதை உள்ளபடி சொன்னால், பாடநூல்கள். “அந்தோ! என் நாதா!” என்று தொடங்கி, “பாழும் விதியே” என்று முடிந்தன. திரைப்படத்தின் வசனமும் பேச்சுப்போட்டியின் கம்பீரமும் அவற்றிலே கலந்திருந்தன. எவர் வீட்டிலும் எவரும் பேசாத மொழி அது. நாம் அவற்றைத் திருத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தோம்: தலைவி யாரிடம் பேசுகிறாள், அவனிடம் என்ன கேட்கிறாள் என்று முதல் வரியிலேயே எழுதவேண்டும். அழுகைக்குக் கேட்பவன் வேண்டியதில்லை, கேள்விக்கு வேண்டும். அந்தச் சிறு நிபந்தனை எழுத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

சந்திரமதியை எடுத்துக்கொண்ட மாணவி, மயானத்துக்கே போகவில்லை. காசி நகரத்துக் கடைத்தெருவில் நின்றுவிட்டாள். அரிச்சந்திரனுடைய கடனைத் தீர்க்க மனைவியும் மகனும் விற்கப்படும் இடம் அது. அவளுடைய சந்திரமதி கணவனைப் பார்த்துச் சொல்கிறாள்: “சத்தியம் ஒங்க பேர்ல இருக்கு. கடன் என் பேர்ல ஏறிடுச்சு.” இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு நிற்கிறது. தோட்டத்துக்கு ஆள் கட்டிய காலத்திலே, தொழிலாளியின் கடன் துண்டு என்னும் சீட்டிலே எழுதப்பட்டு, ஒரு கங்காணியிடமிருந்து மற்றொரு கங்காணிக்கு, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு, மனிதனோடு சேர்த்து மாற்றப்பட்டது. 1921இல் சட்டம் செய்து ஒழிக்கும்வரை அந்தத் துண்டு முறை நிலவியது. அது போனபின்பும் பெண்ணின் விலை ஆணின் விலைக்குக் கீழேயே இருந்தது. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். இவற்றையெல்லாம் நாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பின் அந்த மாணவி எழுதினாள் என்று எண்ணவேண்டாம். அவள் எழுதிய பின்னரே நாம் சொல்லிக்கொடுத்தோம். கடனைப் பற்றி அவளுக்கு நாம் கற்பிக்கவேண்டியது அதிகமில்லை. அடகுக் கடையின் சீட்டு அவள் வீட்டுச் சாமிப்படத்தின் பின்னால் இருக்கிறது.

பாஞ்சாலியை எடுத்த மாணவி வேறொரு வழியில் சென்றாள். சபையிலே பாஞ்சாலி எழுப்பிய வினா நாம் அனைவரும் அறிந்தது: தன்னை முதலில் தோற்றவன், பின்னர் என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? 1948இல் குடியுரிமை இழந்த மலையக மக்களின் எதிர்காலத்தை 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதிப் பங்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திவைத்து, 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த மாணவியுடைய பாட்டியின் தங்கை அப்படித்தான் நீலகிரிக்குப் போனாள். மலையக மக்கள் அழுகைக் கோச்சி என்று பெயரிட்ட புகைவண்டியில் தலைமன்னார் சென்று, கப்பலேறிப் போனவள் திரும்பவில்லை. பேத்தியின் பாஞ்சாலி சபையை நோக்கிச் சொல்கிறாள்: “காய் உருட்டுன ரெண்டு பேருமே எங்க லயத்துப் பக்கம் வந்ததில்ல. எங்க பேரு எத்தனன்னு கேட்டீங்க; எங்க பேரு என்னன்னு கேக்கல.”

கண்ணகியின் வழக்கு இன்னும் கூர்மையானது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பல்கலைக்கழகத்தில் நாம் சுவைத்துப் படித்தவர்கள். ஆயினும் அதன் உயிர்நிலை எது என்பதை ஒரு பதினாறு வயது மாணவி எமக்குத் தெளிவாக்கினாள். கண்ணகி பாண்டியன் அவையில் வெற்றி பெறுவது கண்ணீராலன்று, சான்றினால். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள், தீர்ந்தது. மாணவியின் கண்ணகி கையில் கொழுந்துக் கூடையோடு தராசின் முன்னால் நிற்கிறாள். சாக்குக்கு என்று சில கிலோ, ஈரத்துக்கு என்று சில கிலோ கழிக்கப்படுகின்றன. குறித்த நிறைக்கு ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். “சிலம்ப ஒடைச்சா உள்ள என்னன்னு தெரியும். தராச ஒடைச்சா என் மேலதான் குத்தம் எழுதுவீங்க. அதனால நான் ஒடைக்கல. எழுதி வச்சிருக்கேன்.” இவ்வாறு சொல்லி, தாயின் ஒரு மாதத்து நிறைக் கணக்கை நாள்வாரியாக வாசித்தாள். ஒப்பனையோ வேடமோ இல்லை. ஒரு பாடசாலை மாணவி, வெள்ளைச் சீருடையில் நின்று, இலக்கங்களை வாசித்தாள். நாம் கண்ட கண்ணகியருள் அவளே சிறந்தவள் என்று சொல்லத் தயங்கமாட்டோம்.

இனி இரதி. அந்தப் பாத்திரத்தை ஏற்கப் பலர் அஞ்சினர். அது விரதத்துக்குரிய வேடம். பெண்பிள்ளை தொட்டால் தீட்டு என்று வீடுகளில் சொன்னார்கள். ஒரு தந்தை பாடசாலைக்கே வந்து, “பொம்பளப் புள்ள மேடையேறி ரதின்னு சொல்லிக்கிட்டா நாளைக்கு யாரு டீச்சர் பொண்ணு கேட்டு வருவா?” என்று கேட்டார். அவர் முரடரல்லர், அன்புள்ளவர், காமன் கூத்திலே பல ஆண்டுகள் தப்படித்தவர். அவருடன் நாம் வாதிடவில்லை. மகள் எழுதியதை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். இரு முறை வாசித்தார். “காமன் பொட்டல்ல வேணாம். இஸ்கூல்ல பேசட்டும்” என்று சொல்லிச் சென்றார். அது முழு வெற்றியன்று. ஆனால் பரம்பரையின் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

அவர் வாசித்தது இதுதான். கதைப்படி, இரதியின் வேண்டுதலுக்கு இரங்கிய சிவன் மன்மதனை உயிர்ப்பிக்கிறார். ஆயினும் அவன் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். இதை வரம் என்று கதை சொல்கிறது. அந்த மாணவியின் தாய் நான்கு ஆண்டுகளாக வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண். மாணவியின் இரதி சொல்கிறாள்: “என் கண்ணுக்கு மட்டும் தெரியிற மாதிரி குடுத்திருக்கீங்க சாமி. தொட முடியாது, சோறு ஊட்ட முடியாது, காய்ச்சல்னா நெத்தியில கை வைக்க முடியாது. வெள்ளிக்கிழம ராத்திரி போன்ல தெரியிற மாதிரி. இதுக்குப் பேரு வரமா?” அதற்கு முன்னால், இந்திரனை நோக்கி அவள் கேட்டது: “வேல ஒங்க வேல. போகச் சொன்னது நீங்க. எரிஞ்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

பாடசாலையில் இவை பேசப்பட்ட நாளில், வேலை முடிந்து வந்த தாய்மாரும் பாட்டிமாரும் பின்வரிசையில் இருந்தார்கள். இரதி பேசி முடித்ததும் பெண்கள் கண் துடைத்தனர். ஒரு மூதாட்டி மட்டும் துடைக்கவில்லை. எம்மிடம் வந்து, “புள்ள நல்லாத்தான் கேக்குது டீச்சர். ஆனா அழத் தெரியல” என்றார். ஏன் என்று கேட்டோம். “செத்தவன் என்ன வாங்கிக் குடுத்தான், என்ன திம்பான், எந்தப் பக்கம் படுப்பான்னு சொல்லாம அழக் கூடாது. அதச் சொன்னாத்தான் அவன் ஒருத்தன்னு தெரியும். இல்லாட்டி அது எல்லாச் செத்தவனுக்கும் அழுவுறது” என்றார்.

நாடகவியல் நூல்கள் பல நம்மிடம் உண்டு. பாத்திரப் படைப்புப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் சொன்ன ஒரு வாக்கியத்தை நாம் வாசித்ததில்லை. ஒப்பாரி ஆயிரக்கணக்கான இரவுகளில் சோதித்து அறிந்த விதி அது. அடுத்த வாரமே அந்த மூதாட்டியை வகுப்புக்கு அழைத்தோம். நாற்காலியில் அமர மறுத்துத் தரையில் அமர்ந்துகொண்டு, மாணவியர் எழுதியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டார். “மன்மதனுக்கு என்ன பிடிக்கும்?” என்று இரதியாக நடித்தவளிடம் கேட்டார். அவள் சற்றுநேரம் எண்ணிவிட்டு, “ரொட்டியும் கட்டச் சம்பலும்” என்றாள். வகுப்பு சிரித்தது. மூதாட்டி சிரிக்கவில்லை. “எழுதிக்க” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின் தனிமொழிகள் மாறின. புராணத்துத் தலைவன் லயக்காம்பராவுக்குள் வந்து சேர்ந்தான். கேள்வியும் இருந்தது, அழுகையும் இருந்தது, இரண்டும் ஒரே வாயில் இருந்தன. புலம்பலை விட்டு வழக்குக்குப் போய்விடவேண்டும் என்று நாம் முதலில் கருதியிருந்தோம். மூதாட்டி காட்டிய வழி அதனினும் செப்பமானது: நன்றாகப் புலம்பத் தெரிந்தவளே நன்றாக வழக்காடுவாள். ஏனெனில் இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான், விவரம். கண்ணகிக்கு மாணிக்கம், ஒப்பாரிக்குக் கட்டச் சம்பல், தொழிலாளிப் பெண்ணுக்கு நிறைக் கணக்கு. விவரமில்லாத துயரை உலகம் விதி என்று சொல்லித் தள்ளிவிடும்.

முற்போக்கு நண்பர்கள் சிலர் எம்மை மறித்துக் கேட்டதுண்டு: “தொழிலாளிப் பெண்ணின் கதையை நேராகச் சொல்லாமல், புராணத்துக் குப்பையை ஏன் கிளறுகிறீர்கள்? சந்திரமதியும் இரதியும் கற்பென்னும் விலங்கின் மணிகள் அல்லவா?” வினா நியாயமானது. அந்தத் தலைவியர் பணிவின் இலக்கணமாகவே வார்க்கப்பட்டவர்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டு காரியங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். தன் வீட்டுக் கடனைப் பற்றி, தாயின் பிரிவைப் பற்றி, ஊரார் முன் தன் பெயரால் பேச ஒரு சிறுமிக்கு வாய் எழாது. பேசினால் வீட்டுக்கு அவமானம் என்பார்கள். சந்திரமதியின் பெயரால் அவள் எதையும் பேசலாம். இறந்தவனைப் பார்த்துப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு இருப்பவர்களிடம் பேசும் ஒப்பாரியின் தந்திரமே இது. மற்றொன்று, அவளுடைய பாட்டிக்கும் தாய்க்கும் அந்தக் கதை தெரியும். தெரிந்த கதை மாறும் இடத்தில்தான் கேட்போர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். புதுமைப்பித்தன் 1943இல் ‘சாபவிமோசன’த்தை எழுதியபோது அகலிகையின் கதை தெரியாத தமிழனில்லை; ஆகையினாலேயே அது அவனைத் தைத்தது.

உலகின் பிற பகுதிகளிலும் இதே வழியைப் பலர் கண்டிருக்கிறார்கள். இத்தாலியில் பிராங்கா ராமே என்னும் நடிகை, கணவர் தாரியோ போவுடன் சேர்ந்து, 1977இல் பெண்களுக்கான தனிமொழிகளை எழுதி மேடையேற்றினார். வீட்டிலும் ஆலையிலும் நசுங்கும் பெண்களின் குரல்களோடு, பண்டைய மெதேயாவையும் அவர் கொண்டுவந்தார். அவளை நாட்டுப்புறப் பேச்சிலே பேசவைத்தார். ஜெர்மனியில் கிறிஸ்டீன் புரூக்னர் 1983இல் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் ‘டெஸ்டிமோனா, நீ பேசியிருந்தால்’ என்று சொல்லலாம். வரலாற்றிலும் நாடகத்திலும் வாய் மூடியிருந்த பெண்கள் அதிலே பேசுகிறார்கள். கொலையுண்ட அகமெம்னோனின் பிணத்தருகே கிளிதெம்னெஸ்திரா பேசும் பகுதி அதிலுண்டு. பிணத்தருகே பெண் பேசுவது நமது பாட்டிமார்க்குப் புதிதன்று. ஐரோப்பா ஏட்டிலே கண்டதை அவர்கள் வாசலிலே செய்துகொண்டிருந்தார்கள்.

இந்தச் சோதனையின் பலனை மிகைப்படுத்திக் கூற நாம் விரும்பவில்லை. தனிமொழி பேசியதால் எவருடைய சம்பளமும் உயரவில்லை. எந்தத் தராசும் திருந்தவில்லை. சந்திரமதியாகப் பேசியவள் பரீட்சை எழுதுவதற்கு முன்பே பாடசாலையை விட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். கடன் அவள் பேரில் ஏறிவிட்டது. அவள் எழுதிய தாள் எம்மிடம் இருக்கிறது. அவள் இருக்கவேண்டிய இடத்தில் அவள் இல்லை. கலை ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிடும் என்று சொல்வோரிடம் அந்தத் தாளைக் காட்டுவோம். ஆனால் இதையும் சொல்லவேண்டும். பாடசாலையை விட்டுப் போகும் நாளில் அவள் எம்மிடம் விடைபெற வந்தபோது, கடைக்காரர் தருவதாகச் சொன்ன சம்பளம், தங்குமிடம், விடுமுறை நாட்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கியிருந்தாள். எவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினேழு வயதுப் பெண்பிள்ளை, தன்னை வேலைக்கு அமர்த்துபவனிடம் எழுத்திலே கேட்டுப் பெற்றிருக்கிறாள். வகுப்பிலே கண்ணகி கணக்கு வாசித்ததை அவளும் கேட்டிருந்தாள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடகமும் அரங்கியலும் இன்று எமது பாடசாலைகளில் ஒரு பாடம். தமிழ்த்தினப் போட்டிகளும் ஆண்டுதோறும் நடக்கின்றன. போட்டி வந்ததும், எவரோ எழுதிய வீரவசனத்தைக் குரல் நல்ல ஒரு மாணவியிடம் கொடுத்து, கையை எப்படி உயர்த்துவது என்று பழக்கி, கேடயத்தோடு திரும்புவதே எமது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேடயங்கள் அதிபரின் அலுமாரியில் தூசி படிகின்றன. அதற்குப் பதிலாக, ஒரு தவணையில் ஒரு தலைவியையாவது மாணவியரிடம் விட்டுவிடுங்கள். அருக்காணித் தங்காளை ஒருத்திக்குக் கொடுங்கள். பொன்னர் சங்கர் கூத்திலே மாண்ட அண்ணன்மாரைத் தேடிப் போர்க்களத்துக்குத் தனியே நடக்கும் அந்தத் தங்கை, வழியிலே தனக்குள் என்ன பேசியிருப்பாள் என்று கேளுங்கள். நல்லதங்காளை மற்றொருத்திக்குக் கொடுங்கள். ஏழு பிள்ளைகளோடு கிணற்றடியில் நிற்பவள், பஞ்சத்தை யார் கணக்கில் எழுதச் சொல்வாள் என்று கேளுங்கள். எழுதும் மொழி அவர்கள் வீட்டு மொழியாக இருக்கட்டும். எழுத்துப்பிழை பின்னர் திருந்தும்.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. விடுமுறைக்கு வீடு செல்லும்போது, லயத்திலே ஒப்பாரி அறிந்த மூதாட்டி எவரேனும் இருந்தால் அவர் அருகே அமருங்கள். ஒலிப்பதிவு செய்துகொள்வது நல்லது. அதனிலும் நல்லது, நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுவது. பிழை எங்கே என்று அவர் சொல்லுவார். அவர்களுடைய எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்கள் போனபின் அந்த இலக்கணத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்க முடியாது.

இரதியாகப் பேசிய மாணவி இப்போது உயர்தர வகுப்பில் இருக்கிறாள். சென்ற மாதம் புதிய தனிமொழி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதிலே பேசுபவள் எந்த நாடகத்திலும் இல்லாதவள். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தாய். யாரிடம் பேசுகிறாள் என்று முதல் வரியில் எழுதியிருந்தாள். என்ன கேட்கிறாள் என்பதையும் எழுதியிருந்தாள். தாய் என்ன வாங்கிக் கொடுத்தாள், எந்தப் பக்கம் படுப்பாள் என்பதும் இருந்தது. நாம் சேர்க்கவோ நீக்கவோ ஒன்றும் இருக்கவில்லை.